அவள் எண்ணியது சரிதான்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் தன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்து, "அப்பா, நீங்கள் அடிக்கடி சொல்லுற புத்தகம் இதுவோ?" என்று கேட்டாள். திரையில் பழுப்பேறிய ஒரு பக்கம். தட்டச்சு எழுத்துகள், கையால் கோடிழுத்த ஓர் அட்டவணை, அதற்குக் கீழே பென்சிலால் எழுதிய மூன்று வரிகள். பல்கலைக்கழகம் தன்னுடைய பழைய மாணவர் ஆய்வேடுகளை எல்லாம் படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறதாம். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்கு முன்னமே அந்தப் பென்சில் எழுத்தை எனக்குத் தெரிந்துவிட்டது.

எண்களை நம்புவதற்கில்லை. பட்டம் கொடுக்கலாம். அச்சிடத் தகுந்ததல்ல.

எனக்கு வந்த கோபத்தில் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டேன். முதலில் அதை எழுதிய பரீட்சகர்மேல் கோபம். பிறகு பதில் எழுதாத ஒரு பேராசிரியர்மேல். பிறகு என்மேல். கடைசியில், எப்போதும்போல, உம்மேல். நாற்பது வருடம் ஆகப்போகிறது. நிலவறையில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடந்த அந்தச் சந்தேகத்தை இப்போது உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வாசிக்கலாம். அது பிழை என்று ஒவ்வோர் அடியாக எண்ணிக் காட்டிய மனிதரின் பெயர் எங்கேயும் இல்லை. உம்மை அடக்கம் செய்து ஐந்து மாதமாகிறது. இனி உம்மோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பத்தாறில், பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் கார்ட்டியர்வில் பகுதியில், மூன்றாம் மாடி வீடொன்றில் நாங்கள் ஏழு ஆண்கள் இருந்தோம். நீர் எட்டாவதாக வந்தீர். ஒரு சின்னப் பெட்டி, அளவில் பெரிய குளிர் அங்கி, காதை மூடிய தொப்பி. ஊரில் என்ன வேலை என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். "மன்னாரிலை படிப்பிச்சனான்" என்றீர். என்ன பாடம் என்று கேட்டதற்கு "இலத்தீன்" என்றீர். வீடே சிரித்தது.

"அதை இப்ப ஆர் அண்ணை கதைக்கிறவை?" என்று ஒருவன் கேட்டான்.

"ஒருத்தரும் இல்லை. அதாலைதான் அந்தப் பாஷையிலை சண்டையும் இல்லை" என்று சொல்லிவிட்டு நீர் சப்பாத்தைக் கழற்றினீர்.

எனக்கு உம்மை அப்போதே பிடித்துப்போனது. நான் திருகோணமலையில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன். கோடு, அளவு, அட்டவணை என்றால் எனக்குப் போதும். கவிதைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. மனைவியும் இரண்டு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட வேலைக் கடிதம் வேண்டும், நிரந்தர விலாசம் வேண்டும், இன்னும் என்னென்னவோ வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். என் தலையில் அதைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை. உமக்கும் ஒரு பத்திரப் பிரச்சினை இருந்தது. குருமடத்தில் ஐந்து வருடம் படித்து, பிறகு குருவாக விருப்பமில்லை என்று வெளியே வந்து, பல்கலைக்கழகத்தில் இலத்தீனும் கிரேக்கமும் படித்துப் பட்டம் வாங்கியிருந்தீர். அந்தப் பட்டச் சான்றிதழ் ஓடிவந்த அவசரத்தில் எங்கேயோ போய்விட்டது. புதிய பிரதி கேட்டு மூன்று கடிதம் எழுதினீர். ஒன்றுக்கும் பதில் இல்லை. இங்கே படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கும் கந்தோரில், மூலச் சான்றிதழ் முத்திரையிட்ட உறையில் நேரே வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "நாடே எரியுது, ஆர் அங்கை உறைக்கு முத்திரை குத்திக்கொண்டிருக்கினம்?" என்று நீர் தெருவில் நின்று என்னிடம் கேட்டது ஞாபகம் இருக்கிறது. அவர்களிடம் கேட்கவில்லை. அவர்களிடம் "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தீர். உம்முடைய குணம் அது.

பிறகு இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் வேலை கிடைத்தது. டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தைத் துப்புரவு செய்யும் வேலை. காலையில் பஸ் எடுத்து, மெட்ரோ எடுத்து, நடுவில் பச்சைத் தடத்துக்கு மாறி, ஆறரைக்கு நிலவறையில் நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு நூலகம் திறப்பதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும். நான் தும்புத்தடியோடு முன்னால் போவேன். நீர் பின்னால் வந்து தட்டுகளைத் துடைக்க வேண்டும். அநேகமாக நீர் வந்து சேரமாட்டீர். திரும்பிப் பார்த்தால் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு புத்தகத்தின் முதுகை வாசித்துக்கொண்டிருப்பீர்.

கடைசி வரிசையில் பழைய மாணவர்களின் ஆய்வேடுகள் இருந்தன. முதலாம் உலகப் போருக்குச் சற்று முந்தியவை. கறுப்பு மட்டை, பொன் எழுத்து, விரல் பட்டால் மாவாகக் கொட்டும் தோல். அதில் ஒன்றைத்தான் நீர் விரித்து வைத்துக்கொண்டு ஒரு காலை அசையாமல் நின்றீர்.

"இஞ்சை வாரும் ஐசே. ஒரு பெட்டை எழுதினது" என்றீர்.

அவள் யார் என்று முதல் பக்கத்தில் பெயர் இருந்தது. அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீர் சொல்லித்தான் விஷயம் எனக்கு விளங்கியது. பெரிய இலத்தீன் கவிஞர் ஒருவர் இளமையில் எழுதியது என்று நூற்றாண்டுகளாக நம்பப்பட்ட குறுங்காவியம் ஒன்று இருந்ததாம். அது அவருடையது அல்ல என்று இந்த மாணவி சொன்னாள். ரசனையை வைத்துச் சொல்லவில்லை, எண்ணிச் சொன்னாள். அந்தக் காவியத்தின் எல்லா அடிகளையும், அந்தக் கவிஞரின் நிச்சயமான படைப்புகளில் ஆயிரக்கணக்கான அடிகளையும் எடுத்து, ஒவ்வோர் அடியிலும் மூச்சு எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்திருந்தாள்.

"மூச்சு நிக்கிறது எண்டால்?"

"எங்கடை செய்யுளிலை சீர் இருக்குதெல்லோ, அதுமாதிரி. ஒரு அடிக்கு ஆறு சீர். ஆனால் ஆறையும் ஒரே இழுவையிலை சொல்லேலாது, நடுவிலை எங்கையோ ஒரு இடத்திலை நிக்கும். சிலர் மூண்டாம் சீரிலை நிப்பாட்டுவினம், சிலர் நாலாம் சீருக்குக் கொண்டுபோவினம். அது அவையவைக்குப் பழக்கம். நடை மாதிரி. நீர் நடந்து வாறதைச் சத்தத்தை வைச்சே நான் சொல்லுவன்."

அவ்வளவு பெரிய உழைப்பின் கடைசிப் பக்கத்தில்தான் அந்தப் பென்சில் வரிகள் இருந்தன. நீர் அதை வாசித்துக் காட்டியபோது உம்முடைய முகம் சிவந்தது. நான் உம்மைக் கோபமாகக் கண்டது அன்றுதான் முதல் தடவை. உமக்கு உதவித்தொகை நிற்பாட்டியபோதும், வெள்ளைப் பனிக்குள் விழுந்து கை முறிந்தபோதும் நீர் கோபப்படவில்லை.

"இவன் எண்ணிப் பாக்கேல்லை ஐசே. ஒரு பக்கத்தைக்கூட எண்ணிப் பாக்கேல்லை. பாத்திருந்தால் பிழை இன்ன இடம் எண்டு எழுதியிருப்பான். சும்மா நம்பேலாது எண்டு எழுதியிருக்கிறான்."

அதற்குப் பிறகு உமக்கு வேலை ஓடவில்லை. பதினைந்து நிமிட இடைவேளையில் நின்றுகொண்டே வாசிப்பீர். மேற்பார்வையாளர் படியில் இறங்கும் சத்தம் கேட்டால் வைத்துவிடுவீர். இப்படியே மூன்று கிழமை. அந்த ஆய்வேடுகளை யாரும் வெளியே கொண்டுபோகக் கூடாது, நாங்கள் தொடவே கூடாது. நீர் வெளியே எடுத்துப் போகமாட்டீர் என்று எனக்குத் தெரியும். உமக்கு அந்தத் துணிவு இல்லை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை நான் அதை என் குளிர் அங்கிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். குசினி மேசையில் போட்டதும் நீர் பேய் கண்டதுபோல நின்றீர்.

"கள்ளவேலை ஐசே இது."

"வாசிச்சிட்டுத் திருப்பி வைப்பம். அங்கை அதை ஆர் தேடப்போகினம்?"

ஒரு நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போய்விட்டு வந்து, கையைக் கழுவித் துடைத்து, புத்தகத்தைத் திறந்தீர்.

அவள் முன்னுரையில் தன் தங்கைக்கு நன்றி சொல்லியிருந்தாள். தங்கை அடிகளை உரத்து வாசிக்க, தான் குறித்ததாக எழுதியிருந்தாள். "அதுதான் முறை. ஒராள் வாசிக்க வேணும், ஒராள் குறிக்க வேணும். தனிய எண்ணினால் கண் ஏமாத்திப்போடும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர். எனக்கு அப்போதே விளங்கியது, என் குளிர்காலம் போச்சு என்று.

இலத்தீன் புத்தகங்களுக்கு எங்கே போவது என்று நான் கேட்டேன். தெரு மூலைத் தேவாலயத்தில் வயதான பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, உமக்குப் பிரெஞ்சு வராது. இரண்டு பேரும் வாசற்படியில் நின்று இலத்தீனில் கதைத்தீர்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருத்தரும் கதைக்காத பாஷை என்று நீர் சொன்னது பொய்யாகப் போன ஒரே நாள் அது. அவர் உள்ளே போய்த் தன் பள்ளிக்காலப் புத்தகங்கள் இரண்டைக் கொண்டுவந்து தந்தார்.

சனி, ஞாயிறு பகல்கள் முழுக்க அதற்கே போயின. மற்றவர்கள் வேலைக்குப் போன பிறகு குசினியை நாங்கள் பிடித்துக்கொள்வோம். நீர் ஓர் அடியை வாசித்து "மூண்டு" என்பீர், நான் மூன்றாம் நிரலில் ஒரு கோடு போடுவேன். அடுத்ததை வாசித்து "நாலு" என்பீர். சில நேரம் தயங்கி, திரும்ப வாசித்து, "இதை ஐமிச்சத்திலை போடும்" என்பீர்; சந்தேகமானவற்றுக்குத் தனி நிரல். தேத்தண்ணி ஆறிப்போகும். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும். நாலு கொப்பிகள் என் கோடுகளால் நிறைந்தன.

தை மாதத்தில் ஒரு நாள் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. ஒரு பகுதி முடிந்து நான் கூட்டிப் பார்த்தபோது ஓர் அடி குறைந்தது. எங்கேயோ நான் கோடு போட மறந்துவிட்டேன். நீர் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பி, "திரும்ப" என்றீர்.

"முழுக்கவோ? ஒரு அடி ஐசே! ஒரு அடியாலை என்ன வரப்போகுது?"

"பென்சிலாலை எழுதினவனும் இப்பிடித்தான் நினைச்சிருப்பான். நாங்களும் பிழை விட்டால் அவன் எழுதினது சரியெண்டு ஆயிடும்."

"செத்துப்போன ஒருத்திக்காக நான் ஏன் என்ரை ஞாயிற்றுக்கிழமையைத் துலைக்க வேணும்? எனக்குப் பெண்சாதி பிள்ளை இருக்கு. அவைக்குக் கடிதம் எழுதக்கூட நேரமில்லை."

புத்தகத்தை மூடினீர். நான் அறைக்குள் போய் மனைவிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். திரும்பி வந்தபோது நீர் தனியே ஒரு கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கோடு போட்டுக்கொண்டிருந்தீர். கோடுகள் எல்லாம் கோணல். பார்க்கப் பொறுக்கவில்லை. பென்சிலைப் பறித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

மாசி முடிய எண்ணி முடித்தோம். எங்கள் எண்களை அவளுடைய அட்டவணையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டே இரண்டு இடத்தில் வேறுபாடு. அந்த இடங்களைத் திரும்ப எண்ணினோம். இரண்டிலும் பிழை எங்களுடையது.

"அவள் எண்ணியது சரிதான் ஐசே" என்று நீர் மெதுவாகச் சொன்னீர். பிறகு எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினீர். வெகுநேரம் கழுவினீர்.

இதை அங்கேயே விட்டிருக்கலாம். விட விடாதவன் நான். அந்தப் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் படிப்பிக்கும் பேராசிரியரிடம் இதைக் காட்ட வேண்டும், அவர் பார்த்து வியந்து ஒரு கடிதம் தந்தால் சான்றிதழ் இல்லாமலே உம்மைப் படிக்கச் சேர்ப்பார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். நீர் இருபத்தேழு பக்கத்தில் ஆங்கிலத்தில் அழகாக எழுதினீர். அட்டவணைகளை நான் அடிமட்டம் வைத்து வரைந்தேன். முதல் பக்கத்தில் அவளுடைய பெயரைப் போட்டீர். உம்முடைய பெயரைப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தீர். நான் கத்தின பிறகு கடைசிப் பக்கத்தின் அடியில் எறும்பு மாதிரி எழுதினீர். ஒரு பிரதி எடுத்து வைப்போம் என்றேன். "கொப்பியள் நாலும் இருக்குத்தானே" என்றீர். அதையும் நான் மறக்கவில்லை.

"முதல்லை புத்தகத்தைத் திருப்பி வைச்சிட்டுப் போவம்" என்றும் நீர் சொன்னீர். "வெள்ளிக்கிழமை ஆளைக் காணுவம், திங்கள் வைப்பம்" என்றது நான்தான்.

வெள்ளிக்கிழமை என் மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு பேராசிரியரிடம் போனீர். நான் நடைவழி வாங்கில் குந்தியிருந்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிட்டீர்.

"என்ன சொன்னவர்?"

"நல்ல மனுசன். கதிரை தந்தவர். வாசிக்கிறன் எண்டவர். எங்கை படிச்சனீர் எண்டு கேட்டவர், சொன்னன். அது எங்கை இருக்கு எண்டு கேட்டவர், அதையும் சொன்னன்."

"எண்ணிக்கையைப் பற்றி?"

"நீரோ எண்ணினது எண்டு கேட்டவர். ஓம் எண்டன். நானும் சிநேகிதனும் எண்டன். மூல ஆய்வேட்டைத் தானும் பாக்க வேணுமாம்."

மூல ஆய்வேடு எங்கள் குசினியில் கிடந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பேராசிரியர் அன்றைக்கே நூலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்திருக்கிறார்கள். தட்டில் இடைவெளி மட்டும் இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை புத்தகத்தை உம்முடைய பையில் நீரே கொண்டுவந்தீர். நான் சரியான இடத்தில் வைக்கமாட்டேன் என்று உமக்குப் பயம். நிலவறைக் கதவடியில் மேற்பார்வையாளரும் நூலக அம்மா ஒருவரும் நின்றார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தீர். யார் எடுத்தது என்று மேற்பார்வையாளர் பிரெஞ்சில் கேட்டார், பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் இருவரையும் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இரண்டு சொல் போதும். அந்தக் கிழமைதான் என் மனைவியின் பத்திரங்களோடு வேலைக் கடிதம் போயிருந்தது. எனக்கு மகளின் முகம் வந்தது, தரை வந்தது, என் சப்பாத்தின் கயிறு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தான்" என்று நீர் ஆங்கிலத்தில் சொன்னீர். என் பக்கம் திரும்பவேயில்லை.

நிலவறைக் கதவின் திறப்பை வாங்கிக்கொண்டு உம்மை அனுப்பிவிட்டார்கள். அன்று முழு நிலவறையையும் நான் தனியாகத் துடைத்தேன். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பயம் பிடித்தது. தேடிக்கொண்டு வருவார்கள், கொப்பிகளைக் கண்டால் இரண்டு பேரும் சேர்ந்து செய்தது என்று தெரிந்துவிடும், என் கையெழுத்து அதில் முழுக்க இருக்கிறது. நீர் வேலை தேடிப் போயிருந்தீர். நாலு கொப்பிகளையும் கிழித்துப் பையில் கட்டி, பின் ஒழுங்கையில் குப்பை லொறிக்கு வைத்துவிட்டேன். ஒருவரும் தேடி வரவில்லை. ஏன் வரப்போகிறார்கள்? இரண்டு நாள் கழித்து நீர் கேட்டீர்.

"கொப்பியள் எங்கை?"

"எறிஞ்சிட்டன்."

நீர் என்னை ஒரு தரம் பார்த்தீர். "சரி, விடும்" என்றீர். அவ்வளவுதான்.

அந்தச் "சரி, விடும்" என்னை நாற்பது வருடமாகத் தின்கிறது. கத்தியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். "நீர்தானே ஐசே எடுத்தது" என்று ஒரு தரம் கேட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் போய் உணவகமொன்றில் கோப்பை கழுவினீர்.

பேராசிரியரிடமிருந்து பதில் வரவேயில்லை. போய்க் கேளும் என்று எத்தனை தரம் சொன்னேன். "கள்ளன் எண்டு நினைச்சிருக்கிற மனுசனிட்டை என்னெண்டு போறது?" என்று சொல்லிவிட்டீர். அடுத்த வருடம் உமக்குச் சொல்லாமல் நான் போனேன். அவர் வேறு நகரத்துக்கு மாறிப் போய்விட்டார், கடதாசிகள் எல்லாம் பெட்டியில் போய்விட்டன என்றாள் காரியதரிசி. நல்லவளாகத்தான் சொன்னாள். எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். யாரையாவது பிடித்துத் திட்டலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை.

பிறகு உமக்கு அகதி விசாரணையில் சரிவந்தது. ஊரில் உமக்குப் பேசி வைத்திருந்த பெண் வந்து சேர்ந்தாள். ரொக்ஸ்பரோவில் வீடு, பாடசாலை பஸ் ஓட்டும் வேலை, இரண்டு பிள்ளைகள். படிக்க நீர் போகவில்லை. சான்றிதழ் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தது, முத்திரையிட்ட உறையில். உடைக்காமல் மேசை லாச்சிக்குள் போட்டீர் என்று உம்முடைய மகன் சொன்னான். இதைக் கேட்டபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

என் மனைவியும் மகளும் வந்த பிறகு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உம்முடைய வீட்டில்தான் எங்களுக்குச் சாப்பாடு. ஒவ்வொரு தரமும் நான் நினைத்துக்கொண்டு வருவேன், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று. "அண்டைக்கு அந்தத் திங்கட்கிழமை..." என்று தொடங்குவேன். "கறி ஆறுது, சாப்பிடும்" என்பீர். ஒரு தரம் கார் வரைக்கும் வந்தீர், தனியாக இருந்தோம். "உமக்கு நான் ஒண்டு சொல்ல வேணும்" என்றேன். "வழுக்குது, பாத்துப் போம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர். எனக்குப் பிறகு வாய் வரவில்லை. நீர் எல்லாவற்றையும் மறந்துவிட்டீர் என்று ஒரு வருடம் நினைப்பேன், ஒன்றையும் மன்னிக்கவில்லை என்று அடுத்த வருடம் நினைப்பேன். இப்படியே கிழவனாகிவிட்டேன்.

திரையில் அந்தப் பக்கத்தைக் கண்ட மறுநாள் நூலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இளம் குரல் ஒன்று பொறுமையாகக் கேட்டது. அந்தப் பென்சில் குறிப்புக்குப் பக்கத்தில், எண்கள் திரும்ப எண்ணப்பட்டன, அவை சரி என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கேட்டேன். அந்த மறு ஆய்வு எங்கேயாவது பிரசுரமாகியிருக்கிறதா? இல்லை. கையெழுத்துப் பிரதி இருக்கிறதா? இல்லை. குறிப்புக் கொப்பிகள்? இல்லை. எந்த நிறுவனம் செய்தது? கார்ட்டியர்வில், குசினி என்று சொல்ல வாய் வந்தது. தொலைபேசியை வைத்துவிட்டேன். "அப்பா, இண்டைக்குக் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்திலை எண்ணிப்போடும்" என்கிறாள் மகள். எண்ணும்தான். எண்ணிப் பார் என்று அதற்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமே. நூறு வருடத்துக்கு மேலாக அந்த ஆள் நீர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். உம்முடைய மனைவி உம்முடைய உடுப்புகளை மடித்துத் தேவாலயத்துக்குக் கொடுக்கப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இருக்கச் சொன்னாள். நான் இருக்கவில்லை. இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"பிள்ளை, அண்டைக்கு அந்தப் புத்தகத்தை நூலகத்திலை இருந்து எடுத்தது நான். அவர் இல்லை. அவருக்கு வேலை போனது என்னாலை."

அவள் ஒரு சட்டையின் கையை மடித்து முடித்தாள்.

"தெரியும் அண்ணை."

"எப்ப தெரியும்?"

"நான் இஞ்சை வந்து இறங்கின கிழமையே சொல்லிப்போட்டார். கொப்பியளை எறிஞ்ச கதையும் சொன்னவர்."

நான் கதிரையை இழுத்து இருந்துவிட்டேன். இத்தனை கிறிஸ்மஸும் அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், எல்லாம் தெரிந்துகொண்டு.

"பின்னை ஏன் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை? நான் கதை எடுத்தாலும் விடமாட்டார். அவ்வளவு கோவமோ?"

"கோவமோ? நல்ல கதை." அவள் என்னைப் பார்த்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். "அவருக்குப் பயம் அண்ணை. அதைக் கதைச்சால் நீங்கள் வெக்கப்பட்டு இஞ்சாலை வராமல் விட்டிடுவியள் எண்டு பயம். அந்தப் பெட்டை எண்ணினது சரியெண்டு தெரிஞ்ச ஆள் உலகத்திலை தன்னைத் தவிர நீங்கள் ஒராள்தானாம். உங்களையும் துலைச்சால் தான் ஏதோ கனவு கண்டமாதிரி ஆயிடுமாம். நீங்கள் வந்திட்டுப் போனாப் பிறகு தனிய இருந்து அந்தப் பாஷையிலை வாசிப்பார். ஆருக்கு வாசிக்கிறியள் எண்டு கேப்பன். சிரிப்பார்."

நான் வராமல் விட்டுவிடுவேன் என்று நீர் கதைக்கவில்லை. நீர் கதவைச் சாத்திவிடுவீர் என்று நான் கதைக்கவில்லை. கறி ஆறுகிறது, வழுக்குகிறது என்று முப்பத்தைந்து கிறிஸ்மஸை இரண்டு மடையர்கள் சேர்ந்து வீணாக்கினோம். அதில் ஒரு கிறிஸ்மஸுக்காவது மேசையைத் துடைத்துவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்துத் திரும்ப வாசித்திருக்கலாம். புதிதாக நாலு கொப்பி வாங்கியிருக்கலாம். நான் கோடு போட்டிருப்பேன். ஓர் அடி தவறினால் முதல் பக்கத்திலிருந்து தொடங்கியிருப்பேன், முணுமுணுக்காமல். எனக்கு எவ்வளவு எரிச்சல் என்று உமக்கு விளங்குகிறதோ?

வீட்டுக்கு வந்து மகளுக்கு முழுக் கதையையும் சொன்னேன், அங்கிக்குள் வைத்து எடுத்து வந்ததிலிருந்து குப்பை லொறி வரைக்கும். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் குறுங்காவியத்தை எங்கிருந்தோ தேடி எடுத்து, ஒருவர் இலத்தீனில் வாசிக்கும் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டாள். நான் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தேன். நல்ல குரல்தான். ஆனால் அந்த மனிதர் எங்கேயும் நிற்காமல் ஓடினார். ஒரு கோடும் போட முடியவில்லை. எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. ஓர் அடி எந்த இடத்தில் மூச்சு விடும் என்பது மட்டும் இன்றைக்கும் தெரியும், அதுவும் நீர் வாசித்தால்.